வீட்டோடு வந்த பயர்பிளேஸ்: எந்தக் கம்பனி, என்ன மாடல்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அஜாக்ஸ், ஒன்ராறியோ

வீடு விற்கிறவர்கள் ஃபிரிஜ்ஜுக்கும் வோஷிங் மெஷினுக்கும் கையேடு வைத்துவிட்டுப் போகிறார்கள். ஹோலில் இருக்கும் காஸ் பயர்பிளேசுக்கு மட்டும் ஒரு துண்டுக் கடதாசியும் கிடைப்பதில்லை. எங்கள் வீட்டில் பைலட் சுடர் (பெரிய நெருப்பைப் பற்றவைக்கும் சின்னச் சுடர்) பற்றும், பொத்தானை விட்டதும் அணைந்துவிடும். திருத்த வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மாடல் இலக்கம் எடுத்து வையுங்கள், அது இல்லாமல் சாமான் எடுக்க முடியாது" என்று போய்விட்டார். வீட்டை விற்றவரைக் கேட்டால், அவர் வரும்போதே அது அங்கே இருந்ததாம்.

கண்ணாடிக்குக் கீழே சாய்ந்த பட்டைகள் வைத்த ஒரு முன்மூடி இருக்கும். அதைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது காஸ் வால்வு. அதில் 'சிட்', 'நோவா 820' என்று பளிச்சென்று எழுதியிருக்கும். பலரும் அதைத்தான் படம் பிடித்துக் கடைக்கு அனுப்புகிறார்கள். சிட் என்பது வால்வு செய்யும் இத்தாலியக் கம்பனி. அதே வால்வு எத்தனையோ கம்பனிகளின் பயர்பிளேசில் இருக்கிறது. டயரில் இருக்கிற பெயரைச் சொல்லிக் காருக்குக் கதவு கேட்ட கதைதான்.

மாடல் இலக்கம் உள்ள உண்மையான தகடு இன்னும் உள்ளே இருக்கும். சிலவற்றில் சின்னச் சங்கிலியில் தொங்கும், சிலவற்றில் வால்வுக்குப் பக்கத்தில் தரையோடு ஒட்டியிருக்கும். எங்களுடையது சங்கிலியோடு பின்னால் விழுந்து கிடந்தது. காஸை மூடி, நன்றாக ஆறவிட்டு, போனை உள்ளே நீட்டி ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தேன். மாடல், தொடர் இலக்கம், இயற்கை வாயுவா புரொப்பேனா, எத்தனை பி.டி.யு. (வெப்ப அளவு), எல்லாம் அதிலேயே இருந்தன. கூடவே ஒரு தர எண்ணும் இருக்கும், அதையும் பாருங்கள். இசட்21.88 என்றால் வீட்டைச் சூடாக்கும் வகை, இசட்21.50 என்றால் அலங்கார வகை. எங்கள் அறை ஏன் சூடாகவே மாட்டேன் என்கிறது என்ற நெடுநாள் சண்டைக்கும் அன்றைக்குத்தான் விடை கிடைத்தது.

பழுது தெர்மோகப்பிளில், அதாவது பைலட் சுடரின் சூட்டை உணர்ந்து காஸைத் திறந்து வைக்கும் சின்னக் கம்பியில். மாடல் தெரிந்த பிறகு சரியான சாமான் வந்தது. மாற்றும் வேலையை டி.எஸ்.எஸ்.ஏ. (ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) உரிமம் உள்ளவரிடம் விட்டேன். காஸில் கை வைக்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

ஸ்காபரோ

எங்களுடையது விறகு அடுப்பு, அண்ணை. பேஸ்மென்டில் இருக்கிறது. காப்புறுதிக்காரர் வெட் (விறகு அடுப்புகளைச் சோதிப்பவர்களுக்கான கனடியப் பயிற்சி அமைப்பு) சான்றிதழ் உள்ள ஒருவரின் அறிக்கை கேட்டார்கள். வந்த மனிதர் புகைபோக்கியைக்கூடப் பார்க்கவில்லை, நேரே அடுப்பின் முதுகுப்பக்கம் டோர்ச் அடித்தார். "தகடு எங்கே?"

முந்தைய சொந்தக்காரர் அடுப்பைப் புதிதாகக் காட்ட எண்ணி, தகட்டுக்கும் சேர்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார். எழுத்துகள் அச்சுக்குத்திய வகை என்பதால் தப்பித்தோம். சோக்குக் கட்டியை மேலே தேய்த்து, துணியால் மெல்லத் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து தெரிகிறது. யு.எல்.சி. எஸ்627 என்ற தர எண்ணும், சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்ற அளவுகளும் கிடைத்தன.

அந்த அளவுகளில்தான் விஷயமே இருக்கிறது. தரச்சான்று இல்லாத விறகு அடுப்பு என்றால் கனடிய நிறுவல் விதிப்படி பக்கச் சுவரிலிருந்து 1200 மில்லிமீற்றர், கிட்டத்தட்ட நாலு அடி, விட வேண்டும். சுவருக்குத் தடுப்பு வைத்தால் குறைக்கலாம், அதற்கு வேறு கணக்கு. தகட்டில் போட்டிருந்ததோ அதைவிட மிகக் குறைவு. தகடு கிடைத்திராவிட்டால் அடுப்பு அறையின் நடுவுக்கு வந்திருக்கும்.

ஹில்ஸ்பரோ, ஓரிகன்

இங்கே கதை வேறு மாதிரி. 2010 ஆகஸ்டிலிருந்து இந்த மாநிலத்தில் வீடு கைமாறும்போது சான்றில்லாத விறகு அடுப்பு இருந்தால் கழற்றி அழித்துவிட வேண்டும். அதனால் 'என்ன மாடல்' என்பது பத்திரப்பதிவுக்கு முன்பே தெரிந்தாக வேண்டிய கேள்வி. விற்பவர் "இது ஆன்டிக் சார், விட்டுடுங்க" என்றார். அடுப்பில் தகடும் இல்லை, பெயரும் இல்லை.

மேல்தட்டு இரண்டு படியாக மடிந்த கனமான இரும்புப் பெட்டி. இந்த ஊரில் அப்படி ஒன்றைப் பார்த்தால் முதலில் ஃபிஷர் என்றுதான் சந்தேகப்பட வேண்டும். 1970-களில் இதே ஓரிகனின் ஸ்பிரிங்ஃபீல்டில் பாப் ஃபிஷர் என்பவர் பற்றவைத்துச் செய்யத் தொடங்கியது. அப்பா கரடி, அம்மா கரடி, குட்டிக் கரடி என்றுதான் மாடலுக்குப் பெயர். பிரித்தறிய டேப் போதும்: 30 அங்குல விறகு உள்ளே போனால் அப்பா, 24 என்றால் அம்மா, 18 என்றால் குட்டி. நம்முடையது அம்மா. இரும்பின் கனத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கங்கள் கால் அங்குலம், மேல்தட்டு அதைவிடச் சற்றுத் தடிப்பு. இதே உருவத்தில் வேறு பட்டறைகளும் செய்து விற்றிருக்கின்றன, உருவம் மட்டும் போதாது.

மாடல் தெரிந்ததும், எழுபதுகளில் வந்தது என்பதால், ஆன்டிக் வாதம் படுத்துவிட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான ஈ.பி.ஏ. விறகு அடுப்புகளுக்குப் புகை வரம்பு வைத்ததே 1988-இல். எழுபதுகளில் வந்த அடுப்பில் சான்றுத் தகட்டைத் தேடி என்ன பயன்? விற்றவர் செலவிலேயே கழற்றினார்கள். அருமையான அடுப்பு, மனசு கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

ட்ராம்மன், நோர்வே

நாங்கள் வாங்கிய வீட்டில் நீளப் பெட்டி மாதிரி ஒரு வார்ப்பிரும்பு அடுப்பு. பக்கவாட்டில் புடைப்புச் சித்திரம், அதோடு நோர்வேஜிய மொழியில் ஒரு வாசகம்: இரவில் என் நெருப்பைத் தணலில் புதைக்கிறேன், கடவுளே அது ஒருபோதும் அணையாதிருக்கட்டும் என்கிற பொருளில். அதைப் பார்த்ததுமே பக்கத்து வீட்டுக் கிழவர் "யோட்டுல் 118" என்றார். 60 சென்டிமீற்றர் விறகை முழுசாக விழுங்கும்.

ஆனால் பெயர் தெரிந்தால் போதாது. இங்கே 1998-க்குப் பின் விற்ற புது அடுப்புகள் குறைந்த புகை வகையாக இருக்க வேண்டும். 118 பழையதும் உண்டு, புதிய முறையில் எரிவதும் உண்டு. புதியதில் பெயரோடு 'சி.பி.' சேர்ந்திருக்கும். பேர்கனில் 2021 முதல் பழைய வகையை எரிக்கவே தடை. ட்ராம்மனில் அந்தத் தடை இல்லையென்றாலும் புகைபோக்கி துடைக்க வருபவரிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுவிடுங்கள்.

ஹில்ஸ்பரோ, ஓரிகன்

118 என்றதும் ஞாபகம் வந்தது. எழுபதுகளின் கடைசியில் தைவானில் வார்த்த 118 நகல்கள் அமெரிக்காவில் நிறைய விற்றன. யோட்டுல் என்ற பெயர் வார்ப்பிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். 'ஃபிராங்க்ளின்' என்று வார்த்திருந்தாலும் அதைக் கம்பனிப் பெயர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு வகை, பல பட்டறைகள் செய்திருக்கின்றன.

மார்க்கம்

எங்களுடையதில் எங்கே தேடியும் தகடு இல்லை. செங்கல் பயர்பிளேஸ்தான், விறகு போடுவது. என்ன செய்வது?

ஸ்காபரோ

தங்கச்சி, முதலில் வெளியே போய்க் கூரையைப் பாருங்கள். மேலே வட்ட உலோகக் குழாய் தெரிந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் இரும்புப் பெட்டி, செங்கல் மாதிரி தெரிவது வெறும் பலகை. அப்படியென்றால் நெருப்பு எரியும் அறைக்குள்ளேயே, வலைத்திரை தொங்கும் இடத்துக்குப் பின்னால், மேல்விளிம்பிலோ பக்கச் சுவரிலோ தகடு ஆணியடித்திருக்கும். புகைக்கரி மூடியிருக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். செங்கல் புகைபோக்கியும் களிமண் குழாயும் தெரிந்தால் அது கொத்தனார் கட்டியது. அதற்கு மாடல் என்று ஒன்று கிடையாது, தேடுவதை விட்டுவிட்டுப் புகைபோக்கியைச் சோதிக்க ஆளைக் கூப்பிடுங்கள்.

மார்க்கம்

உலோகக் குழாய்தான்! நாளைக்குத் துணியோடு உள்ளே தலையை விடுகிறேன்.