முதல் கேம் ஜாம், இன்னும் பத்து நாள்தான்: என்ன தயார் செய்வது?

தூங்காநகரம்

வணக்கம். மதுரையில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நானும் என் அறை நண்பர்கள் இருவரும் அடுத்த வாரக் கடைசியில் இட்ச்.ஐஓ-வில் (கேம்களை ஏற்றிப் பகிரும் தளம்) நடக்கும் ஒரு 48 மணிநேர ஜாமில், அதாவது கொடுக்கிற தீமை (தலைப்பை) வைத்து அந்த நேரத்துக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் நிகழ்வில், பெயர் கொடுத்துவிட்டோம். வெள்ளி இரவு 9.30-க்குத் தீம் சொல்வார்கள், ஞாயிறு இரவு 9.30-க்குள் கேமை ஏற்றிவிட வேண்டும். மூன்று பேருக்கும் இதுதான் முதல் தடவை.

நான் கோடோ 4 என்ற கேம் எஞ்சினில் (கேம் செய்யும் மென்பொருள்) ஆறு மாதமாக ஏதோ செய்துகொண்டிருக்கிறேன், வீடியோ பார்த்து ஒரு பாம்பு கேமும், தாவித் தாவிப் போகிற ஒரு கேமும் முடித்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒருவன் நன்றாகப் படம் வரைவான். இன்னொருவனுக்கு இரண்டுமே வராது, ஆனால் கதை பிரமாதமாகச் சொல்வான். கேமுக்கான யோசனையையும் அவன்தான் கொடுத்தான்: ஜல்லிக்கட்டு. ஐந்து ஊர், ஊருக்கு ஒரு காளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், நடுநடுவே ஊர்க்காரர்களோடு பேச்சு, கடைசியில் ஒரு பெரிய வாடிவாசல். பேச்செல்லாம் தமிழிலேயே வர வேண்டும் என்று ஆசை.

இதற்கு இப்போதே கொஞ்சம் எழுதி வைக்கலாமா, அல்லது அது ஏமாற்று வேலை ஆகிவிடுமா? இரண்டு ராத்திரியும் கண்விழிக்க வேண்டி வருமா? இருப்பது இரண்டே லேப்டாப், அதிலும் ஒன்று ரொம்பக் கிழடு. அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

அரைவேக்காடு

தம்பி, ஐந்து ஊர் ஐந்து காளை என்று படித்ததும் என் முதல் ஜாம்தான் ஞாபகம் வந்தது. நாங்கள் தேர்த்திருவிழாவை வைத்துச் செய்தோம். நாற்பதாவது மணிநேரத்தில் எங்களிடம் அருமையான ஒரு தேர் இருந்தது, அலங்காரம் இருந்தது, மாடவீதி நான்கும் இருந்தன. ஆனால் ஆடுகிறவன் எப்படி ஜெயிப்பான், எப்படித் தோற்பான் என்பது மட்டும் இல்லை. அதையும் ஒருவழியாக ஒட்டவைத்து முடித்தால், பிரௌசரில் போட்டதும் தேரையே காணோம். படத்தின் கோப்புப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியது, நான் கோடிங்கில் சின்ன எழுத்தில் கூப்பிட்டிருந்தேன். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, எக்ஸ்போர்ட் ஆன (எஞ்சினிலிருந்து ஆடும்படி வெளியே எடுத்த) கேம் கண்டுகொள்ளும். இதைக் கண்டுபிடித்தபோது கெடுவுக்குப் பதினோரு நிமிடம் பாக்கி. அன்று தேர் நிலைக்கு வரவே இல்லை.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். இந்தப் பத்து நாளில் காளையைப் பற்றி யோசிக்காதீர்கள், கேமை முடித்து ஏற்றும் வேலையை ஒருமுறை ஒத்திகை பாருங்கள். ஒரு முகப்புத் திரை, நகரும் ஒரு சதுரம், இடித்தால் ஆட்டம் முடிந்தது, மறுபடி ஆடு என்று ஒரு பட்டன், ஒரே ஒரு சத்தம், இவ்வளவு போதும். அதை வெப்புக்கு எக்ஸ்போர்ட் செய்து, ஜிப்பைத் திறந்ததும் இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் கண்ணில் படும்படி கட்டி (உள்ளே இன்னொரு ஃபோல்டரில் ஒளிந்திருக்கக் கூடாது), இட்ச்சில் டிராஃப்டாக ஏற்றி, உங்களுடையது அல்லாத ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். மூன்று மணிநேர வேலைதான். ஆனால் இதை முதல்முறையாக ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குச் செய்தால் ஆயுசே குறைந்துவிடும்.

கோடோ என்றால் இன்னும் சில விஷயம். புராஜெக்ட் தொடங்கும்போதே ரெண்டரரை (திரையில் படத்தைக் காட்டும் பகுதி) கம்பாட்டிபிலிட்டி என்று வைத்துவிடுங்கள், வெப்பில் அதுதான் ஓடும், மற்றதில் செய்துவிட்டுக் கடைசியில் மாற்றினால் வெளிச்சம் நிறம் எல்லாம் வேறு மாதிரி தெரியும். கோடோவின் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டிலேயே எழுதுங்கள், சி ஷார்ப் பக்கம் போய்விடாதீர்கள், கோடோ 4-இல் சி ஷார்ப் புராஜெக்டை வெப்புக்கு எக்ஸ்போர்ட் செய்ய வழி கிடையாது. பதிப்பு 4.3-க்கு முந்தையது என்றால் இட்ச்சின் எடிட் பக்கத்தில் ஷேர்டு அரே பஃபர் என்ற கட்டத்தை டிக் செய்ய வேண்டும், மறந்தால் கேம் எழுந்தே வராது. 4.3 முதல் அந்தத் தொல்லை இல்லை.

முன்கூட்டி எழுதுவது பற்றி: அது ஜாமுக்கு ஜாம் மாறும். லுடும் டேர் என்ற ஜாமையே எடுத்துக்கொள்ளுங்கள், 2002 முதல் நடந்து வருவது, அதற்குள்ளேயே இரண்டு பிரிவு. கம்போ என்றால் தனி ஆள், 48 மணிநேரம், படமும் சத்தமும் அந்த நேரத்துக்குள் நீங்களே செய்திருக்க வேண்டும். ஜாம் என்றால் 72 மணிநேரம், குழுவாகச் சேரலாம், மற்றவர் செய்த படங்களும் சேர்க்கலாம். உங்கள் ஜாமின் விதிப் பக்கத்தை மூவரும் உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள், ஏஐ பற்றி ஏதாவது போட்டிருக்கிறார்களா என்பதையும் சேர்த்துத்தான். முகப்புத் திரை, ஒலியளவுப் பட்டன், ஆள் நகர்கிற கோடிங் மாதிரி பொதுவானதைப் பழசிலிருந்து கொண்டுவருவதைப் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை.

ஆனால் யோசனையை முன்கூட்டியே கொண்டுபோகாதீர்கள். தீம் என்று ஒன்று இருப்பதே உங்களை எதிர்பாராத பக்கம் தள்ளிவிடத்தான். பாபா இஸ் யூ கேமைப் பாருங்கள், அது 2017 நார்டிக் கேம் ஜாமில் முளைத்தது, தீம் 'நாட் தேர்' ('அங்கே இல்லை' என்பதற்கான ஆங்கிலம்). விதிகளையே கட்டைகளாக்கித் தள்ளும் யோசனை, தீமில் இருந்த 'நாட்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. ஊர் ஊராகக் கதை யோசித்து வைத்திருந்தால் அது எங்கே தோன்றியிருக்கும்? தீம் உங்கள் காளைக்குப் பொருந்தி வந்தால் வரட்டும், அப்போதும் ஒரு திரை, ஒரு காளை, ஒரு பட்டன்: அழுத்தியபடி திமிலைப் பிடித்திருக்க வேண்டும், மூன்று துள்ளல் தாங்கினால் வெற்றி. இதை ஒழுங்காகச் செய்யவே இரண்டு நாள் சரியாகப் போகும்.

கிராமபோன்பெட்டி

அரைவேக்காடு கோடிங் பக்கம் சொல்லிவிட்டார். சத்தம், படம் பக்கம் நான் சொல்கிறேன், ஏனென்றால் ஜாம்களில் பாதிப் பேர் சத்தத்தைக் கடைசி ஒரு மணிநேரத்துக்கு ஒதுக்குகிறார்கள், அப்புறம் ஊமைப்படமாக ஏற்றிவிடுகிறார்கள்.

எஸ்எஃப்எக்ஸ்ஆர் என்று ஒரு சின்ன மென்பொருள் உண்டு, 2007-இல் ஒரு லுடும் டேருக்காகவே ஒருவர் எழுதிக் கொடுத்தது. காசு எடுத்த சத்தம், குதித்த சத்தம், வெடித்த சத்தம் என்று பட்டன் இருக்கும், அழுத்த அழுத்தப் புதுசாக வந்துகொண்டே இருக்கும். அதன் பிரௌசர் வடிவமும் இருக்கிறது, இன்றைக்கே அரைமணி நேரம் விளையாடிப் பாருங்கள். அதைவிட நல்லது உங்கள் போன். டப்பாவில் கொஞ்சம் உளுந்து போட்டுக் குலுக்கினால் சலங்கை, ஈரத்துணியைத் தரையில் அடித்தால் ஆள் விழுந்த சத்தம். போன ஜாமில் எங்கள் கேமில் வந்த பூகம்பம் முழுக்க என் மாமியார் வீட்டு ஆட்டுக்கல்தான். விடுதியில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் எல்லாக் காளையும் காற்றில் பறக்கும்.

பிரௌசரில், ஆடுகிறவர் ஒருமுறை கிளிக் செய்யும்வரை சத்தம் வராது. "பாட்டு வரவில்லையே" என்று பதறாதீர்கள், முகப்பில் 'தொடங்கு' பட்டன் வைத்தால் தானாகச் சரியாகிவிடும்.

வெளியிலிருந்து எடுப்பதாக இருந்தால், கென்னி என்ற தளத்தின் படத்தொகுப்புகள் சிசி0, அதாவது யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமம், பெயர்கூடப் போட வேண்டியதில்லை. ஃப்ரீசவுண்ட் என்ற சத்தங்களின் தளத்தில் அப்படி இல்லை, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு உரிமம், சிலதுக்குப் பெயர் போட வேண்டும், சிலதை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இறக்கும்போதே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எங்கிருந்து, யாருடையது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். ஞாயிறு இரவு உட்கார்ந்து தேடினால் கிடைக்காது.

வரைகிற தம்பியிடம் சொல்லுங்கள்: நிறங்களை முதலிலேயே எண்ணி எடுத்துக்கொள்ளட்டும், அளவையும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளட்டும். பிகோ-8 என்ற சின்ன கேம் எஞ்சினில் திரையே 128-க்கு 128 புள்ளி, 16 நிறம், அதிலேயே அத்தனை அழகாகச் செய்கிறார்கள். ஒரு படம் மூன்று நிறத்தில் துல்லியமாகவும் அடுத்த படம் போட்டோ மாதிரியும் இருந்தால்தான் அசிங்கம்.

கதை சொல்கிறவர் சும்மா இருக்கப்போவதில்லை. இட்ச் பக்கம், 630-க்கு 500 அளவில் அட்டைப்படம், எந்த விசைக்கு என்ன என்ற குறிப்பு, ஸ்கிரீன்ஷாட், இதெல்லாம் ஒரு ஆளுக்கு முழு வேலை. தயவுசெய்து அவரைச் சாப்பாடு வாங்க மட்டும் அனுப்பாதீர்கள்.

ஒற்றைக்கொம்பு

தமிழில் பேச்சு வர வேண்டும் என்று சொன்னீர்கள், அதற்காகவே உள்ளே வந்தேன்.

நல்லவேளை கோடோ 4 எடுத்தீர்கள். தமிழில் 'கொடு' என்று அடித்தால் கணினி முதலில் 'க', அப்புறம்தான் கொம்பும் காலும் என்று சேமிக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை எடுத்துக் 'க'-வுக்கு முன்னால் வைக்க ஒரு தனிப் பொறி வேண்டும். கோடோ 4-இல் ஹார்ஃப்பஸ் என்ற பொறி அந்த வேலையைச் செய்கிறது, கோடோ 3-இல் இல்லை. யூனிட்டி என்ற இன்னொரு எஞ்சினில், எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ்புரோவில் நான் பட்ட பாடு சொல்லி மாளாது, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், தமிழ் தெரியாதவர் எழுதிய கடைப் பலகை மாதிரி இருக்கும். கடைசியில் பாமினி எழுத்துருவில் அடித்துத் தப்பித்தேன். அதில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே அடிப்பதால் எந்தப் பொறியும் தேவைப்படாது. சிரிக்காதீர்கள், வேலை நடந்தது.

கோடோவிலும் இரண்டு பள்ளம் உண்டு. ஒன்று, உங்கள் கம்ப்யூட்டரில் தமிழ் ஜோராகத் தெரியும், ஏனென்றால் கோடோவின் எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டாலும் விண்டோஸிடமிருந்து இரவல் வாங்கிக்கொள்கிறது. வெப்பில் அந்த இரவல் கிடைக்காது, வெறும் கட்டம் கட்டமாக வரும். அதனால் ஒரு தமிழ் எழுத்துருவைப் புராஜெக்ட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, கட்டமரான் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம்.

இரண்டாவது, பேச்சு ஒவ்வொரு எழுத்தாக டைப் ஆகி வருகிற மாதிரி செய்வீர்கள், எல்லாரும் செய்வார்கள். தமிழில் அப்படிச் செய்தால் முதலில் 'க' வரும், அடுத்த நொடி அது 'கொ' என்று மாறும், மெய்யெழுத்துக்குப் புள்ளி தாமதமாக வந்து உட்காரும், வரி முழுக்கத் துடிக்கும். கோடோவில் எழுத்தைக் காட்டும் லேபிளில் விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர் என்று ஒன்று இருக்கிறது, அதில் வடிவமைத்த பின் வெட்டுகிற வகையைத் தேர்ந்தெடுங்கள். அல்லது சொல் சொல்லாகக் காட்டிவிடுங்கள், படிக்கவும் அதுதான் வசதி.

ஆடப்போகிறவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. அதனால் ஆங்கிலத்திலும் ஒரு வரி கீழே போடுங்கள், அல்லது பேச்சே இல்லாமல் படத்தால் புரியவையுங்கள். தமிழை விடச் சொல்லவில்லை.

முட்டைபரோட்டா

எல்லாரும் தூங்கு தூங்கு என்றுதான் சொல்லப்போகிறார்கள். நான் இரண்டு இரவும் விழித்துத்தான் என் முதல் கேமை முடித்தேன், அந்தக் குஷி வேறு எதிலும் வரவில்லை. காலை நான்கு மணிக்கு டீக்கடை திறக்கும்வரை உட்கார்ந்து பக் (கோடிங் பிழை) பிடித்ததெல்லாம் இப்போதும் பேசிக்கொள்கிறோம். வயசிருக்கிறது, விழியுங்கள்.

அரைவேக்காடு

முட்டைபரோட்டா, அந்த நான்கு மணி பக்கை உண்டாக்கியது யார்? மூன்று மணிக்கு நீங்கள்தானே?

தம்பி, என் கணக்கு இது: வெள்ளி இரவு பேப்பரில் மட்டும் வேலை, ஒரு மணிக்குள் படுக்கை. சனி மதியச் சாப்பாட்டுக்குள் வெறும் சதுரங்களை வைத்தே ஆடும்படி இருக்க வேண்டும். சனி இரவு பக்கத்து அறைக்காரனை ஆடவிட்டு நீங்கள் வாயைத் திறக்காமல் பாருங்கள், எங்கே முழிக்கிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். மாலை ஆறு மணிக்கே ஒருமுறை ஏற்றிவிடுங்கள், அரைகுறையாக இருந்தாலும் சரி, அப்புறம் நேரம் இருந்தால் மாற்றி ஏற்றலாம். கடைசி அரைமணியில் எல்லாரும் ஒரே கதவில் முட்டுவார்கள்.

இன்னொன்று, பேப்பரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பட்டியலைப் பார்த்துவிடுங்கள். ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை வரை கரண்ட் இல்லாமல் நான் நூலகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். முந்தின நாளே அறிவிப்பு வந்திருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

தூங்காநகரம்

மிக்க நன்றி அண்ணா, எல்லாருக்கும்தான். நேற்று ஒத்திகை பார்த்தோம். மூன்று மணிநேரம் என்றீர்கள், ஏழு ஆனது. ஜிப்பில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர். அது சரியானதும் தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது, எழுத்துருவை உள்ளே வைத்ததும் தெளிந்தது. கதை நண்பன் சதுரத்தை ஆட உட்கார்ந்து பத்து நிமிடத்தில் மூன்று பக் கண்டுபிடித்துவிட்டான், அவன்தான் இனி எங்கள் டெஸ்டர்.

ஒரு சந்தேகம். இரண்டு லேப்டாப்பிலும் ஒரே நேரத்தில் வேலை செய்து கிட்டில் (பலர் செய்த மாற்றங்களை ஒன்றுசேர்க்கும் மென்பொருள்) சேர்த்தால், இருவரும் ஒரே சீனை (கோடோவில் கேமின் ஒரு பகுதி உள்ள கோப்பு) தொட்டதும் கன்ஃப்ளிக்ட் என்று முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. என்ன செய்வது?

கிராமபோன்பெட்டி

ஒரு சீனை ஒருவர் மட்டும் தொடுங்கள். காளை ஒரு சீன், ஆள் ஒரு சீன், முகப்பு ஒரு சீன் என்று பிரித்து, யார் எதை வைத்திருக்கிறார் என்று சுவரில் ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். வரைகிறவர் படக் கோப்பை மட்டும் போடட்டும், அதைச் சீனுக்குள் வைப்பது நீங்கள். கிழட்டு லேப்டாப்பில் எஞ்சினே வேண்டாம், வரையவும் இட்ச் பக்கத்துக்கும் அது போதும்.

தூங்காநகரம்

தாள் ஒட்டியாகிவிட்டது அக்கா. காளைக்கு நேராகக் கதை நண்பன் தன் பெயரைப் போட்டு வைத்திருக்கிறான். தீம் வரும்வரை காளையே கிடையாது என்று எத்தனை தடவை சொன்னாலும் அழிக்கமாட்டேன் என்கிறான்.