தென்வடல் கூட்டணியா, எதிர்க்கூட்டா?

அன்பர்களே,

நான் தமிழாக்கும் உலக வரலாற்று நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சீனத்தில் போரிடும் அரசுகள் காலத்து (கி.மு. 475–221) ராஜதந்திரங்கள் இரண்டுக்குச் சொல் வேண்டும். மேற்கே சின் நாடு வலுத்துக்கொண்டே வந்தது. வடக்கே யான் முதல் தெற்கே சூ வரை கிடந்த நாடுகள் சேர்ந்து அதைத் தடுப்பது ஹெட்சோங். அந்தச் சேர்க்கையை உடைத்து, ஒவ்வொரு நாடாகச் சின்னோடு கிழக்கு மேற்காகப் பிணைப்பது லியான்ஹெங். இதைக் கையாண்டவர் சின்னின் அமைச்சர் சாங் யி. நெடுக்கணி, குறுக்கணி என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

———

ஐயா, குறுக்கு என்றதும் குறுக்குப்புத்திதான் நினைவுக்கு வரும். அணியோ உவமையணிப் பக்கம் இழுக்கும். தறியில் நெடுக்கே ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவுக்கூட்டு, ஊடைக்கூட்டு எனலாமே! ஊடைக்கு வேர் ஊடு, அதாவது இடையே புகுதல். ஊடலும் அங்கிருந்தே பிறந்தது என்பது என் துணிபு; இருவர் நடுவே ஏதோ புகுவதால்தானே ஊடல் வருகிறது? சாங் யி செய்ததும் அதுவே. சீ நாட்டோடு உறவை முறித்தால் 600 லீ (சீன நீள அளவு) நிலம் தருவதாகச் சூ மன்னர் ஹுவாயிடம் சொன்னார். முறித்த பிறகு, தான் சொன்னது 6 லீ என்றார். கொதித்துப்போய்ப் படையெடுத்த சூ, கி.மு. 312இல் தான்யாங்கில் தோற்று ஹான்சோங் பகுதியையும் இழந்தது.

———

ஊடல் ஆய்வைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். இன்றைய பிள்ளைகளுக்குப் பாவும் தெரியாது, ஊடையும் தெரியாது. நிலப்பத்திரத்தில் கிழமேலடி, தென்வடலடி என்று எழுதுகிறோமே, அது போதாதா? தென்வடல் கூட்டணி, கிழமேல் கூட்டணி. பக்கத்தில் வரைபடம் இருந்தால் விளக்கமே வேண்டாம். அப்புறம், ராஜதந்திரத்தைச் ‘சூழ்ச்சி’ ஆக்கிவிடாதீர்கள். குறளில் அது ஆலோசனை. இன்று படிப்பவருக்கு வஞ்சகம்.

———

திசை பாதிதான் சொல்லும். அக்காலச் சீன அறிஞர் ஹான் ஃபெய் தந்த விளக்கத்தைப் பாருங்கள்: எளியோர் பலர் சேர்ந்து வலியோன் ஒருவனைத் தாக்குவது ஒன்று; வலியோன் ஒருவனை அண்டி எளியோர் பலரைத் தாக்குவது மற்றொன்று. வலிமைதான் இங்கே பொருள். ஆகவே எதிர்க்கூட்டு, சார்கூட்டு. துணையில்லாதவன் இரு பகையில் ஒன்றை ‘இன்துணை’யாகக் கொள்ளச் சொல்லும் குறளும் சார்கூட்டுக்கே பொருந்துகிறது. ஆனால் சீனத்தில் சார்ந்தவர்களும் பிழைக்கவில்லை. கி.மு. 230இல் ஹான் நாடு சின்னிடம் விழுந்தது. சண்டைக்குப் போகாமல் ஒதுங்கியிருந்த சீயும் 221இல் போயிற்று.

———

நன்றி. பெரும்பாலோர் தென்வடல், கிழமேல் பக்கம் இருப்பதால் அவற்றையே அனுப்புகிறேன். சீனச் சொற்கள் முதல் இடத்தில் மட்டும் வரும். ஹான் ஃபெய் விளக்கம் அடிக்குறிப்பில் இருக்கும்.

———

நான் உடன்படவில்லை. சீ இருந்தது கிழக்குக் கடலோரம். ஆனால் அது சேர்ந்ததோ உங்கள் ‘தென்வடல்’ கூட்டணியில். வரைபடத்தைப் பார்க்கும் மாணவர் முதலில் இதைத்தான் கேட்பார். அடிக்குறிப்பு போதாது. மறுபதிப்பு வரும்போது எதிர்க்கூட்டை மறுபடி முன்வைப்பேன்.