பாங்காக் – சியாங் மாய் இரவு ரயில்: மூட்டுவலி உள்ள அம்மாவோடு போகலாமா?

கேள்வி – பயணப்பை

ஜனவரி முதல் வாரம் அம்மா (வயது 68), 8 வயது மகன், நான், மூன்று பேரும் தாய்லாந்து போகிறோம். பாங்காக்கில் மூன்று நாள், அப்புறம் சியாங் மாய். விமானத்தில் போனால் ஒன்றேகால் மணி நேரம்தான் என்று தெரியும். ஆனால் மகனுக்கு ரயில் என்றால் உயிர். ராத்திரி ரயிலில் படுத்துக்கொண்டே போகலாம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன், அன்றிலிருந்து வேறு பேச்சே இல்லை. அம்மாவால் மேல் பெர்த்தில் ஏற முடியாது, குத்தவைத்து உட்காரும் கழிவறையும் ஆகாது. 9-ஆம் எண், 13-ஆம் எண் என்று இரண்டு வண்டி சொல்கிறார்கள். எது நல்லது? நாங்கள் சைவம் வேறு. போனவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பதில் – கீழ்பெர்த்

தாராளமாகப் போகலாம். இரண்டு தடவை போயிருக்கிறேன், ஒரு தடவை என் மாமியாரோடு. உங்கள் நிலைமைக்கு 9-தான். 2016-இல் விட்ட புதிய பெட்டிகள் அதில்தான் ஓடுகின்றன. கழிவறை எல்லாம் உட்காரும் வகை, சுத்தமாகவும் இருக்கும். மாலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்பி, மறுநாள் காலை ஏழு மணிக்கு மேல் சேரும், மொத்தம் ஏறக்குறைய 750 கிலோமீட்டர்.

இரண்டாம் வகுப்பில் படுக்கை நடைபாதையை ஒட்டி நீளவாக்கில் இருக்கும். நம்ம ஊர் சைடு லோயரை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைவிட நல்ல அகலம். முதலில் எதிரெதிர் இரண்டு இருக்கைதான் இருக்கும். வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அட்டென்டர் வருவார், இரண்டு இருக்கையையும் இழுத்து ஒன்றாக்கி, மேல் பெர்த்தைச் சாவி போட்டுத் திறந்து மெத்தையை எடுத்துக் கீழே விரித்து, வெள்ளை விரிப்பை ஒரே உதறலில் போட்டு, திரையையும் மாட்டிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விடுவார். எல்லாம் இரண்டு நிமிடம். உங்கள் மகன் வாயைப் பிளந்து பார்ப்பான்.

கீழ் பெர்த் ஏறக்குறைய 1,000 பாட், மேலே ஒரு 100 பாட் குறையும். அந்த 100 பாட்டை மிச்சம் பிடிக்க வேண்டாம். ஜன்னல் கீழேதான், மேலே இல்லை. விளக்கையும் ராத்திரி முழுக்க அணைக்க மாட்டார்கள், மேலே படுப்பவர் முகத்தில்தான் அடிக்கும். ஏணியும் கிட்டத்தட்ட செங்குத்து.

டிக்கெட்டைத் தாய்லாந்து ரயில்வேயின் சொந்த இணையதளத்திலேயே எடுங்கள். பெட்டிப் படத்தைப் பார்த்துப் படுக்கையைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம். முதல் தடவை ஓர் இடைத்தரகர் தளத்தில் வாங்கினேன், கீழ் பெர்த் என்று பணம் கட்டியும் கைக்கு வந்தது இரண்டு மேல் பெர்த். நல்லவேளை, எதிரே இருந்த இளம் ஜோடி மாமியாரைப் பார்த்துவிட்டுத் தாங்களே மாற்றிக்கொண்டார்கள். அது எப்போதும் நடக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஜனவரி கூட்டம் வேறு, டிக்கெட் திறந்த உடனே எடுத்துவிடுங்கள்.

பதில் – மீட்டர்கேஜ்

9-ஐக் குறை சொல்லவில்லை, ஆனால் ரயில் பிடித்த பையன் என்றதால் ஒன்று சொல்கிறேன். இந்தப் பாதையின் அழகு எல்லாம் கடைசி இரண்டு மணி நேரத்தில்தான். லாம்பாங் தாண்டியதும் மலை ஏறி, குன் தான் சுரங்கப் பாதைக்குள் நுழையும். 1,352 மீட்டர் நீளம். 1907-இல் தோண்ட ஆரம்பித்து முடிக்க 1918 ஆகிவிட்டது. எமில் ஐசன்ஹோஃபர் என்ற ஜெர்மன் பொறியாளர்தான் வேலையை நடத்தினார். நடுவில் 1917-இல் சயாம் (தாய்லாந்தின் அன்றைய பெயர்) ஜெர்மனி மீது போர் அறிவிக்க, வேலையில் இருந்த ஜெர்மானியர்களைப் பிடித்து வைத்துவிட்டார்கள். சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் குன் தான் நிலையம், அவருடைய நினைவுச்சின்னம் அங்கேதான் இருக்கிறது. எனக்கு அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

ஜனவரியில் அங்கே விடியவே ஏழு மணி பக்கம் ஆகும். 9 அந்த மலையை இருட்டிலேயே தாண்டிவிடும். 13 ஒன்றரை மணி நேரம் போல பின்னால் வருவதால் வெளிச்சத்தில், பனிமூட்டத்துக்கு நடுவே பார்க்கலாம். பெட்டிகள் பழையவை, அது உண்மைதான்.

பதில் – மல்லிப்பூ

பெண்களுக்கென்று தனிப் பெட்டி 9-இல் உண்டு, சின்னப் பையன்களையும் கூட அழைத்துப் போகலாம். நான் தனியாகப் போனபோது அதில்தான் போனேன், நிம்மதியாகத் தூங்கினேன். முன்பதிவு செய்யும்போதே அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு உணவுப் பெட்டியை நம்பாதீர்கள். மீன் சாஸ் இல்லாமல் அவர்களுக்குச் சமையலே கிடையாது, "காய்கறி மட்டும்" என்று சொன்னாலும் அது வந்துவிடும். "ஜே" என்று சொல்லிக் கேட்டால்தான் நம் அர்த்தத்தில் சைவம். மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்து போட்ட சின்னக் கொடி தொங்கும் கடைகள் அதுதான், பாங்காக்கிலேயே அப்படி ஒன்றில் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், ஏசி நடுக்கும். அம்மாவுக்கு சாக்ஸும் ஸ்வெட்டரும் பெரிய பெட்டிக்குள் போகாமல் கைப்பையிலேயே இருக்கட்டும்.

பயணப்பை

எல்லோருக்கும் நன்றி. வண்டி கிளம்புவது பாங்காக்கின் ஹுவா லாம்போங் நிலையத்தில்தானே? ஹோட்டலை அதன் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

கீழ்பெர்த்

ஐயோ இல்லை! 2023 ஜனவரியிலிருந்து தூரத்து வண்டிகள் எல்லாம் குருங் தெப் அபிவாட் நிலையத்துக்கு மாறிவிட்டன, பாங் சூவில். ஹோட்டலை மாற்ற வேண்டாம், ஹுவா லாம்போங்கில் நீல மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமலே பாங் சூ வந்துவிடும், நிலையம் அதற்கு மேலேயேதான். ஆனால் மிகப் பெரிய கட்டடம், நடை அதிகம். அம்மாவை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். போய்ச் சேரும் நாள் காலையில் எந்த டூரும் போடாதீர்கள், வண்டி தாமதமாவது உண்டு.

பயணப்பை

சரி, முடிவு செய்துவிட்டேன். அம்மாவின் முட்டிக்காக 9, பெண்கள் பெட்டி, மூன்றும் கீழ் பெர்த் கிடைத்தால் பார்க்கிறேன். மலை இருட்டில் போய்விடும் என்று மகனிடம் சொன்னேன். சுரங்கத்துக்குள் பகலிலும் இருட்டுதானே அம்மா, அஞ்சு மணிக்கே எழுப்பிவிடு என்கிறான். குன் தான் வந்ததும் நிலைய விளக்கில் அந்த நினைவுச்சின்னம் தெரிகிறதா என்று பார்த்து வந்து எழுதுகிறேன்.