பீரிலும் ரூட் பீரிலும் சாஸ் காய்ச்சிய அனுபவம்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. பீர் காய்ச்சியே பேர் வாங்கிய ஊர். கோடை வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பிராட்வர்ஸ்ட் என்ற ஜெர்மன் வகை இறைச்சி சாசேஜை வெங்காயத்தோடு பீரில் வேகவைத்து, அப்புறம் கரி அடுப்பில் வாட்டுவார்கள். அந்த வாசனைதான் என்னை இதில் இழுத்தது.

முதல் தடவை வீட்டில் மிச்சமிருந்த ஐபிஏ என்ற கசப்பு தூக்கலான பீரை எடுத்தேன். கெச்சப், பிரவுன் சுகர், பூண்டு, மிளகாய்த்தூள் போட்டு அரை மணி நேரம் வற்றவிட்டேன். நிறம் அருமை. வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்து! சர்க்கரையை அள்ளிப் போட்டும் கசப்பு அசையவில்லை. பீரின் கசப்பு ஹாப்ஸ் பூவிலிருந்து வருவது. கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகும், கசப்பு சட்டியிலேயே தங்கிவிடும். ஒரு லிட்டர் கால் லிட்டரானால் கசப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இப்போது வற்ற வைக்கும் சாஸுக்கு கசப்புக் குறைந்த பீர் வகைகளான லாகரோ பிரவுன் ஏலோ தவிர வேறெதையும் தொடுவதில்லை.

ரூட் பீர் என்பது ஒரு இனிப்பு சோடா. பெயரில்தான் பீர், கடையில் விற்பதில் போதை கிடையாது. 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் சார்ல்ஸ் ஹயர்ஸ் என்ற மருந்துக்கடைக்காரர் அதைப் பரவலாக அறிமுகப்படுத்தினார். அன்று அதன் மணம் சாசஃப்ராஸ் என்ற மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து வந்தது. அதிலுள்ள சஃப்ரோல் என்ற வேதிப்பொருளை 1960இல் அமெரிக்க அரசு உணவில் தடை செய்தது. இன்று வின்டர்கிரீன் என்ற செடியின் மணம்தான் தூக்கலாக இருக்கும். நம்மவர்களுக்கு முதல் மடக்கிலேயே வலித் தைலம் நினைவுக்கு வருவது அதனால்தான்.

355 மில்லி ரூட் பீர் கேனில் சுமார் 45 கிராம் சர்க்கரை இருக்கிறது, அதனால் தனியாக இனிப்பு வேண்டாம். அகலமான சட்டியில் இரண்டு கேன் ஊற்றிக் கொதிக்க விடுவேன். முதலில் சின்னச் சின்ன நுரை படபடவென்று வரும். வற்ற வற்றக் குமிழி பெரிதாகி, சோம்பலாக எழும்பி உடையும். கரண்டியின் பின்பக்கம் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதிரசத்துக்குப் பாகு வைத்தவர்களுக்குக் கண்ணே சொல்லிவிடும். இங்கே வினிகர் ஊற்றுவார்கள். நான் நெல்லிக்காயளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, மிளகும் இஞ்சியும் சேர்ப்பேன். கொதியில் மணம் பறந்துவிடுவதால், இறக்கியபின் இரண்டு ஸ்பூன் கொதிக்காத ரூட் பீர் விடுவேன். பன்றி விலாவில் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் தடவுங்கள், முன்னாலேயே தடவினால் சர்க்கரை கருகும். டயட் ரூட் பீர் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு சூட்டில் உடைந்து இனிப்பே இல்லாமல் போய்விடும்.

* * *

அண்ணா, கசப்பு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. நான் அடுப்பே பற்ற வைக்காமல் பீர் கடுகு, அதாவது பீரில் ஊறவைத்து அரைக்கும் கடுகு சாஸ், செய்கிறேன். நாம் கடுகை எண்ணெயில் வெடிக்கவிட்டே பழகியவர்கள். அந்தச் சூட்டில் கடுகின் காரத்தை உண்டாக்கும் நொதி செத்துவிடும். பச்சைக் கடுகு அரை கப், குளிர்ந்த கறுப்பு பீர் அரை கப், கண்ணாடிப் பாட்டிலில் ஒரு நாள் ஃபிரிட்ஜில் ஊறட்டும். மறுநாள் வினிகர், உப்பு, தேன் சேர்த்துக் கொரகொரவென்று அரைத்தால் மூக்கில் ஏறும் ஒரு காரம்! அன்றைக்கே சாப்பிடாதீர்கள், கசக்கும். ஒரு வாரம் பொறுத்தால் ருசி அடங்கி வரும்.

* * *

கொதிக்கவைத்தால் பீரின் ஆல்கஹால் முழுக்கப் போய்விடுமா? எங்கள் வீட்டில் மாமனார் மதுவைத் தொடவே மாட்டார், அதனால் கேட்கிறேன்.

* * *

போகாதுங்க. அமெரிக்க வேளாண் துறை அட்டவணைப்படி 15 நிமிடம் கொதித்தபின் ஏறக்குறைய 40 சதவீதம் மிஞ்சும், ஒரு மணி நேரம் ஆனாலும் 25. தங்கை சொன்ன கடுகில் கொதியே இல்லை, அப்படியே இருக்கும். மாமனாருக்குத் தெரியாமல் பரிமாறாதீர்கள். எங்கள் வீட்டில் பீர் போட்ட கிண்ணத்தில் எழுதி ஒட்டிவிடுவேன். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ரூட் பீர் சாஸ் தனிக் கிண்ணத்தில், தனிக் கரண்டியோடு.