பொருள்: மரத்திலேயே முளைக்கும் விதைக்கு ஒரு சொல் வேண்டும்

தொண்டியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வேளாண்மைப் பட்டயப் படிப்பின் முதலாண்டுக்குத் தாவரவியல் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. விதை செடியை விட்டு விழுமுன்பே முளைப்பதை ‘விவிபாரி’ என்று எழுதிவிட்டு நகர மனம் ஒப்பவில்லை.

போன வாரம் பிள்ளைகளைக் காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிப்போனேன். வெண்கண்டல் காய் ஒன்றை நகத்தால் உரித்துக் காட்டினேன். உள்ளே கொட்டை என்று ஒன்றும் இல்லை. இரண்டு பச்சை வித்திலைகள் ஒன்றை ஒன்று அணைத்து மடிந்திருந்தன. அடியில் மெல்லிய மயிர் அடர்ந்த வேர்முனை. “சார், இது விதையா, செடியா?” என்று கேட்டாள் ஒரு மாணவி. அவளுக்கு நான் சொல்ல நினைப்பது ‘தாய்முளை’. பொருந்துமா?

பரமக்குடியிலிருந்து:

தாய்முளை வேண்டாம் தம்பி. ஏழாம் வேற்றுமைத் தொகையாக விரித்தால் ‘தாயின்கண் முளை’, சரிதான். ஆனால் மஞ்சளில் தாய்க்கிழங்கு என்கிறோம், வாழையில் தாய்மரம் என்கிறோம். அந்தப் பழக்கத்தில் மாணவர் ‘தாயாகிய முளை’ என்றே விரிப்பார். பொருள் தலைகீழாகிவிடும்.

தொல்காப்பிய மரபியலைப் பாருங்கள்: ‘பிள்ளை குழவி கன்றே போத்தெனக் கொள்ளவும் அமையும் ஓரறிவு உயிர்க்கே.’ ஓரறிவு உயிராகிய செடிகொடிகளின் இளமைக்கும் பிள்ளை என்ற பெயர் பொருந்தும் என்கிறது. தென்னம்பிள்ளை இன்றும் வழக்கில் இருக்கிறது. வித்தே பிள்ளையாகிவிட்டதால் ‘பிள்ளைவித்து’. ‘பிள்’ என்பதே வேர் என்பது என் துணிபு; பிளத்தல், பிளவு எல்லாம் அதன் கிளைகள். தோலைப் பிளந்து வருவது பிள்ளை. இளங்கதிரைக் குறிக்கும் ‘பீள்’ என்ற சொல்லையும் இந்தக் குடும்பத்தில்தான் வைப்பேன். பீளிலிருந்து இன்னும் சில சொற்களுக்குப் போகலாம், தனி மடலில் எழுதுகிறேன்.

முதுகுளத்தூரிலிருந்து:

ஐயா, அடுத்த நூற்பாவையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: ‘நெல்லும் புல்லும் நேரார் ஆண்டே.’ நெல்லுக்கு அந்தப் பெயர்கள் ஆகா. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிழைப்போ நெல்லில்தான். புரட்டாசியில் விதைத்த மானாவாரி நெல் தையில் அறுப்புக்கு நிற்கும்போது மழை பிடித்து, கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் என்ன ஆகும்? ஒரு வருடம் எங்கள் களத்தில் நெல்மணிதோறும் வெள்ளை முளை நீட்டியிருந்தது. வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொட்டினார். அப்பா ‘கதிருலயே முளைச்சுப்போச்சு’ என்றார், அவ்வளவுதான்.

கண்டலில் முளைப்பது பிழைக்கும் வழி: உப்புச் சேற்றில் விழுமுன்பே நாற்று ஆயத்தமாகிவிடுகிறது. நெல்லில் அது கேடு: விதையை உறங்கவைக்கும் அப்சிசிக் அமிலத்தின் பிடி தளர்ந்த நேரத்தில் ஈரம் சேர்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்காதீர்கள். நெல்லுக்குக் ‘கதிர்முளை’ போதும்.

கீழக்கரையிலிருந்து:

‘மடிமுளை’ என்றால் என்ன? தாய்மடி எல்லாருக்கும் தெரியும். கரைவலையில் மீன் சேரும் பையும் மடிதான். கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும்.

பரமக்குடியிலிருந்து:

அழகாக இருக்கிறது அம்மா, ஆனால் வினைத்தொகையாகப் படித்தால் ‘மடிந்த முளை’. உயிரோடு இருப்பதற்கு அந்தப் பெயர் கூடாது.

தொண்டியிலிருந்து:

ஒரு சொல் நிற்குமா என்பதை அதிலிருந்து அடுத்த சொல் பிறக்கிறதா என்று பார்த்தே முடிவு செய்தேன். ரைசோபோரா வகைக் கண்டலில் முளை காயைத் துளைத்துக்கொண்டு முருங்கைக்காய்போல் தொங்கும். வெண்கண்டலில் காய்த்தோலுக்குள்ளேயே மறைந்திருக்கும். முன்னதைத் தாய்முளை என்றால் பின்னது ‘மறை தாய்முளை’. பிள்ளைவித்தில் இந்த இணை எனக்கு அமையவில்லை. முளை என்ற சொல்லை விட்டுவிட்டால் அந்த மாணவி கண்டதையே விட்டதாகும். ‘தாயின்கண் முளைப்பது’ என்ற விரிவை முதல் வரியிலேயே போடுகிறேன். நெல்லுக்குக் கதிர்முளை, தனிப் பத்தியில்.

பரமக்குடியிலிருந்து:

அச்சுக்கு நேரமில்லை என்பதால் விடுகிறேன், ஒப்பவில்லை. ‘மறை பிள்ளைவித்து’ ஏன் அமையாது? அடுத்த பதிப்புக்கு முன் மஞ்சள் பயிரிடுபவர் ஒருவரிடம் தாய்முளை என்று சொல்லிப் பாருங்கள், அவர் எதை எடுத்துக் காட்டுகிறார் என்று எனக்கு எழுதுங்கள்.