என் கணினியில் தேறும் சோதனை, ஜென்கின்ஸில் மட்டும் தோற்கிறது

சென்னையில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் தொழிற்பழகுநராக இருக்கிறேன். நான் எழுதிய உள்நுழைவுச் சோதனை என் விண்டோஸ் கணினியில் எப்போதும் தேறுகிறது. இரவில் லினக்ஸ் சர்வரில் ஜென்கின்ஸ் (சோதனைகளைத் தானாக ஓட்டும் கருவி) அதை ஓட்டும்போது மட்டும் தோற்கிறது. போன வாரம் குரோமை ஹெட்லெஸ் முறைக்கு (திரையில் சாளரம் காட்டாமல் ஓடும் முறை) மாற்றியதிலிருந்து இதே தொல்லை.

பயன்படுத்துவது ஜாவா 17, செலினியம் 4 (உலாவியைத் தானாக இயக்கும் கருவி), டெஸ்ட்என்ஜி (ஜாவா சோதனைகளை ஓட்டும் கட்டமைப்பு). வரும் பிழை 'எலிமென்ட் கிளிக் இன்டர்செப்டட்', அதாவது அழுத்த வேண்டியதை வேறொன்று மறைக்கிறது. தோற்கும் நொடியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் பக்கம் கைப்பேசியில் தெரிவதுபோல ஒடுங்கியிருக்கிறது. குக்கீ அனுமதி கேட்கும் பட்டை 'உள்நுழை' பொத்தானை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு நிற்கிறது.

காத்திருப்பு நேரத்தை 10 நொடியிலிருந்து 30 ஆக்கினேன். குரோம், குரோம்டிரைவர் (செலினியத்தைக் குரோமுடன் இணைக்கும் நிரல்) பதிப்புகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தேன்; ஒத்துப்போகின்றன. திறந்த பிறகு சாளரத்தைப் பெரிதாக்கும் கட்டளையும் பலன் தரவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் வழியாக அழுத்தினால் தேறிவிடுகிறது. ஆனால் வாடிக்கையாளரால் அழுத்தவே முடியாத பொத்தானுக்குப் 'பாஸ்' போடுவது பொய்க்கணக்கு. அதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. வழிகாட்டும் அக்கா விடுப்பில் இருக்கிறார், வெள்ளிக்கிழமை வெளியீடு.

ஹெட்லெஸ் குரோமில் சாளர அளவை 1920×1080 என நிலையாக வைக்க, செலினியம் 4-இல் எந்த இடத்தில், எப்படி எழுத வேண்டும்?