பிள்ளைகள் கையில் டார்ச்சும் நோட்டும்: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

பள்ளி அறிவியல் ஆசிரியை, பாளையங்கோட்டைப் பக்கம்

டெங்கு விழிப்புணர்வு என்றாலே நம் ஊரில் ஊர்வலம்தான். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்து, வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரை நடத்திக் கூட்டிப்போய், ஒரு படம் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. 2012-இல் நம் மாவட்டத்தில் டெங்கு ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவள் நான். அப்போது கடையநல்லூர், தென்காசி எல்லாம் நெல்லை மாவட்டம்தான். அட்டை பிடித்து ஒரு கொசுவும் செத்ததாகத் தெரியவில்லை.

அதனால்தான் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குத் தலைப்பு கேட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து நின்றபோது, "உங்கள் தெருவில் கொசு எங்கிருந்து வருது?" என்று மட்டும் கேட்டேன். (1993-இல் தொடங்கிய மாநாடு அது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆய்வு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கத்தார் முன்னின்று நடத்துகிறார்கள்.) எல்லாரும் ஒரே குரலில் "வாறுகால், டீச்சர்" என்றார்கள் (சாக்கடைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்). சரி, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன்.

செலவென்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு டார்ச், வெள்ளை பிளாஸ்டிக் கிண்ணம், குழிக்கரண்டி, நோட்டு, அவ்வளவுதான். கொசுப் புழுவை இனம் காணும் வழியை வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டேன். மலேரியா பரப்பும் அனாபிலிஸ் புழு தண்ணீர் மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸும், இன்னொரு வகையான க்யூலக்ஸும் வால் பக்கத்து மூச்சுக்குழாயை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கும். ஏடிஸுக்கு அந்தக் குழாய் கட்டையாக இருக்கும். டார்ச் அடித்தால் சட்டென்று அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

வாறுகாலில் புழு இருக்கத்தான் செய்தது, ஆனால் அத்தனையும் க்யூலக்ஸ். இரவில் கடிக்கும், யானைக்கால் நோயைப் பரப்பும், டெங்குவோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. பகலில் கடிக்கும் ஏடிஸ் வீட்டுக்குள்ளேயே குடியிருந்தது. பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, குளியலறை சிமெண்ட் தொட்டி, தட்டட்டியில் (மொட்டை மாடியில்) மூடாமல் கிடந்த டிரம், கொல்லையில் எறிந்த சிரட்டை என்று நோட்டு நிறைந்தது. அதிகம் இருந்தது டிரம்மில்தான். குழாயில் சில நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வரும் தெருவில் டிரம்மைக் கவிழ்த்து வை என்று சொன்னால் யார் கேட்பார்கள்? இதை எந்த அட்டையிலும் எழுதி நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் வந்தது. அவள் ஆச்சி வாரா வாரம் டிரம்மைக் காலி செய்கிறாள், அப்படியும் புழு வருகிறதே, ஏன்? ஏடிஸ் முட்டையைத் தண்ணீரில் விடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்து போனாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். புத்தகத்தில் இருப்பதுதான், ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்த வீட்டிலேயே புழு இருந்த இரண்டு வாளிகளைக் காலி செய்து, ஒன்றைத் தேங்காய் நாரால் உள்ளே நன்றாகத் தேய்த்தார்கள், மற்றதை வெறுமனே அலசினார்கள். இரண்டிலும் தண்ணீர் பிடித்து, பழைய வேட்டித் துணியால் வாய் கட்டினார்கள். துணி எதற்கு என்று கேட்டேன். ஒருவன் சொன்னான்: "புதுசா கொசு வந்து முட்டை போட்டுட்டா, எது பழைய முட்டைன்னு எப்படித் தெரியும் டீச்சர்?" அந்தக் கேள்விக்காகவே அவனுக்கு முழு மதிப்பெண் போடலாம்.

துணியை அவிழ்த்தபோது அலசிய வாளியில் புழு நெளிந்தது, தேய்த்ததில் இல்லை. "ஏட்டி, நான் அறுவது வருசமா பாத்திரம் கழுவுதேன், எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டியளா" என்று அதுவரை விரட்டிக்கொண்டிருந்த ஆச்சி கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "சவம், இது இங்கனயேவா கெடக்கு?" என்றாள். அதற்குப் பிறகு அந்த வளவில் நார் போட்டுத் தேய்க்கச் சொல்லும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். முட்டை கொசுவாகப் பறக்க ஏழெட்டு நாள் ஆகும் என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் தேய்ப்பது என்று வைத்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளுக்கு நான் போட்ட கட்டுப்பாடுகள் சில உண்டு. யாருக்குக் காய்ச்சல் என்று கேட்கக் கூடாது. பெற்றோர் கையெழுத்து இல்லாமல் கிளம்பக் கூடாது. வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் மறு பேச்சு பேசாமல் அடுத்த வீடு. புழு இருந்த இடங்களைக் காட்டும் தெருப் படத்தை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியபோது வீட்டு எண் போடாமல், தெருவை நான்கு துண்டாகப் பிரித்து வண்ணம் அடித்தார்கள். அது அவர்கள் யோசனை. "எங்க வீட்டுக்குச் சிவப்புப் பொட்டு வச்சா எங்கம்மா என்னைத் தொலைச்சிரும்" என்றான் ஒருவன். ஏடிஸ் பெரும்பாலும் ஓரிரு நூறு மீட்டருக்கு மேல் போவதில்லை, அதனால் தெருத் துண்டு என்ற அளவே போதும்.

பணி ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர், அம்பாசமுத்திரம்

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கணக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அலுவலகம் பயன்படுத்தும் வடிவத்தில் இல்லையென்றால் மேசையிலேயே கிடக்கும். நாங்கள் பார்ப்பது, நூறு வீட்டில் எத்தனை வீட்டில் புழு, அது வீட்டுக் குறியீடு. நூறு வீட்டுக்குப் புழு உள்ள பாத்திரம் எத்தனை, அது பிரேட்டோ குறியீடு. இந்த இரண்டையும் போட்டு, எந்த வகைப் பாத்திரம் என்றும் எழுதிக் கொடுத்தால் அபேட் என்ற புழுக்கொல்லி மருந்தை ஊற்ற வரும் பணியாளர் எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்று முடிவு செய்ய முடியும். பத்து வீட்டுக்கு ஒரு வீடு வேறு குழுவை விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் உற்சாகத்தில் தூசியையும் புழு என்று எழுதுவார்கள். பெரியவர்கள் அலுப்பில் புழுவையும் இல்லை என்று எழுதுவார்கள், அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

கல்லூரி மாணவர், சீவலப்பேரிப் பக்கம்

நான் எண்ணப் பழகியது பறவைகளை. 2011-இலிருந்து தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தை மாதவாக்கில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பள்ளியில் படிக்கும்போதே பைனாகுலரை வாங்கிக்கொண்டு கரையில் நிற்பேன். பார்த்ததை மட்டும் எழுது, பார்த்திருக்கலாம் என்று நினைப்பதை எழுதாதே என்பது அங்கே கற்றது.

2023 டிசம்பர் 17, 18-இல் கொட்டிய மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஆறு கரை தாண்டி வந்து போன பிறகு கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்பதுதான் எல்லார் கேள்வியும். ஊர் இளவட்டங்கள் சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில் வாங்கினோம். அதில் தண்ணீரை ஊற்றி நிழலில் வைத்தால் போதும். மலக்கழிவுக் கிருமி கலந்திருந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கறுத்துவிடும். ஆய்வகச் சோதனைக்கு ஈடு இல்லை, ஆனால் எந்தத் தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று சொல்லிவிடும்.

கிணற்றுத் தண்ணீர் பாட்டில்கள் கறுத்தன, அது எதிர்பார்த்ததுதான். எங்களை யோசிக்க வைத்தது வேறு. பொதுக்குழாய்த் தண்ணீர் பாட்டிலில் அப்படியே தெளிவாக நிற்க, அதே தண்ணீர் வீட்டுக் குடத்திலிருந்து எடுத்தபோது சில வீடுகளில் கறுத்தது. கையை விட்டுச் செம்பில் மொள்ளுவது ஒரு காரணம். தெருக் கடைசிக் குழாய்க்கு வரும்போது குளோரின் தீர்ந்து போயிருந்தது இன்னொன்று. குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப்பில் மருந்துச் சொட்டு விட்டால் தண்ணீர் மஞ்சளாக மாற வேண்டும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். கடைசி வீடுகளில் நிறமே வரவில்லை. தொட்டி ஆப்பரேட்டர் அண்ணாச்சியைக் கூட்டிவந்து காட்டினோம். முதலில் கோபப்பட்டார். "நான் மருந்து போடலேன்னு சொல்லுதியளா?" இல்லை அண்ணாச்சி, போட்டது இங்கே வந்து சேரவில்லை என்று இரண்டு முனையிலும் எடுத்த பாட்டில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். மறுநாள் அவரே எங்களைக் கூப்பிட்டு, கடைசிக் குழாயில் சோதித்துச் சொல்லச் சொன்னார்.

கல்லூரி மாணவி, முக்கூடல் பக்கம்

எங்கள் ஊரில் கொசுவை விட புகையிலைத் தூள் பெரிய விஷயம். அம்மாவும் சித்தியும் சொளவை (முறத்தை) மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். வீட்டுக்குள் புகையிலை வாசம் எப்போதும் இருக்கும். இருமல், கண் எரிச்சல் பற்றித் தெருவில் கணக்கெடுக்கலாம் என்று நாங்கள் சில பிள்ளைகள் படிவத்தோடு கிளம்பினோம். முதல் வீட்டிலேயே மடக்கிவிட்டார்கள்: "எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்து, உடம்பு சரியில்லைன்னு பீடிக் கம்பெனிக்காரன் இலை தூளை நிறுத்திட்டான்னா நீ சோறு போடுவியா?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனால் படிவத்தை வைத்துவிட்டு, நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று அவர்களையே கேட்டோம். இருமலை ஒருத்தியும் முதலில் சொல்லவில்லை. முதுகு வலி, கழுத்து வலி, இரவு விளக்கு வெளிச்சம், தொட்டில் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சுற்றலாமா என்பதுதான் வந்தது. இப்போது பெயர் இல்லாமல் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள், ஜன்னல் பக்கமா உள்ளறையா, எங்கே வலி, பிள்ளை எங்கே தூங்கியது என்று அவர்களே சொல்ல நாங்கள் எழுதுகிறோம். நோட்டு அவர்களிடமேதான் இருக்கும்.

காற்றில் தூள் எவ்வளவு பறக்கிறது என்று அளக்க அதிகம் செலவில்லாத வழி யாருக்காவது தெரியுமா? வெள்ளைத் தாளில் எண்ணெய் தடவி ஜன்னல் பக்கம் ஒன்று, உள்ளறையில் ஒன்று வைத்துப் பார்க்கிறோம். கண்ணுக்கு வித்தியாசம் தெரிகிறது, அதை எண்ணாக மாற்றத்தான் வழி தெரியவில்லை. டீச்சர், உங்கள் பிள்ளைகளிடமும் கேட்டுச் சொல்லுங்கள்.